வெட்டுப்புள்ளிக்கு இப்பால்

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர் இருமுறை காத்திருக்க வேண்டியவராகிறார். பரீட்சைத் திணைக்களம் பெறுபேறுகளை வெளியிடும்வரை காத்திருப்பது முதலாவது. பெறுபேறு வந்தபின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளிகளை அறிவிக்கும்வரை மாதக்கணக்கிற் காத்திருப்பது இரண்டாவது. முதற் காத்திருப்பின் முடிவில், தாம் எவ்வாறு எழுதினோம் என்பது மாணவருக்குத் தெரியவரும். இரண்டாவதின் முடிவில் தெரியவருவதோ, பிறர் எவ்வாறு எழுதினர் என்பதும் அவ்வாண்டில் இடங்கள் எத்தனை இருந்தன என்பதுமாம். இவை இரண்டும் வெவ்வேறு செய்திகள். இவ்வேறுபாடு வீட்டிலும் அயலிலும் உணரப்படாமையினாலேயே, ஆண்டுதோறும் பல்லாயிரம் பிள்ளைகள் தாம் செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நிற்கின்றனர்.

"மூன்று 'ஏ' எடுத்த பிள்ளைக்கும் மருத்துவ பீடம் கிடைக்கவில்லையாம்" என்னும் பேச்சு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கண்டியிலும் ஆண்டுதோறும் கேட்பதொன்று. கேட்பவர் வியப்படைகின்றனர், சிலர் ஏதோ மோசடி நடந்துவிட்டதென்றும் ஐயுறுகின்றனர். இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. 75 புள்ளி பெற்றவருக்கும் 'ஏ' சித்தியே. 98 பெற்றவருக்கும் அதே 'ஏ' சித்தியே. பல்கலைக்கழக அனுமதியோ இவ்வெழுத்துகளைக் கொண்டு நடைபெறுவதன்று. எழுத்துக்குப் பின்னாலுள்ள புள்ளியைக் கொண்டும், அப்புள்ளியை ஏனையோரின் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பெறப்படும் இன்னோர் எண்ணைக் கொண்டுமே அது நடைபெறுகிறது.

முதலில் இடங்களின் கணக்கைப் பார்ப்பது தகும். அண்மைய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோர் 160,000 பேருக்கு மேற்பட்டோர். அரச பல்கலைக்கழகங்களிற் சேர்த்துக்கொள்ளப்படுவோர் 40,000 பேரைச் சற்றே கடந்த தொகையினர். நால்வர் தகுதி பெற்றால் ஒருவருக்கே இடம் என்பது இதன் பொருள். எஞ்சிய மூவரும் சித்தியடையாதவர் அல்லர். தகுதியுடையவர் என்று அரசாங்கமே சான்று வழங்கியோர். நான்கு பேருக்கு ஒரு நாற்காலி போடப்பட்ட அறையில் மூவர் நிற்க நேர்வது, நிற்பவரின் கால்களிலுள்ள குறையினால் அன்று.

இனி, 'இசட்' புள்ளி என்பது யாது? 2001 ஆம் ஆண்டுப் பரீட்சை தொடக்கம் இம்முறை கையாளப்பட்டு வருகிறது. அதற்கு முன்னர் பாடங்களின் புள்ளிகளை வெறுமனே கூட்டிப் பெற்ற மொத்தமே அளவுகோலாயிருந்தது. அக்கூட்டலில் ஒரு குறை உண்டு. வினாத்தாள்கள் யாவும் ஒரே கடினமுடையன அல்ல. ஒரு பாடத்தில் எல்லாரும் குறைவாகவே பெற்றனர் என்றும் அதன் சராசரி 45 என்றும் கொள்வோருக்கு, அதில் 75 பெறுவது அரிய செயலாகத் தோன்றும். மற்றொரு பாடத்தின் சராசரி 60 ஆயின், அதே 75 அத்துணை அரியதன்று. ஆகவே பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் மிகுதியை நியம விலகலால், அஃதாவது அப்பாடத்துப் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவால், வகுக்கின்றனர். இரு பாடங்களுக்கும் இவ்வளவு 15 என வைத்தால், முதற்பாடத்தின் 75 க்கு 2 என்னும் 'இசட்' புள்ளியும், இரண்டாவதின் 75 க்கு 1 என்னும் 'இசட்' புள்ளியும் கிடைக்கும். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்ட எண்களின் சராசரியே மாணவரின் 'இசட்' புள்ளி. அது நான்கு தசமதானங்கள்வரை கணிக்கப்படுகிறது.

கணக்கு நேர்மையானதே. ஆயினும் அதனுள் ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. சராசரி என்பது நாடெங்கும் அப்பாடத்தை எழுதிய எல்லாரும் சேர்ந்து உண்டாக்குவது. மாணவர் தம் விடைத்தாளை எழுதலாம்; பிறர் விடைத்தாளை எழுத இயலாது. எனவே 'இசட்' புள்ளி என்னும் எண்ணில் ஒரு பகுதியே மாணவரின் கையிலுள்ளது. மறுபகுதி அவர் என்றும் காணாத பல்லாயிரவரின் கைகளிற் கிடக்கிறது.

இந்த எண் கிடைத்த பின்னரும் கோடு கீறப்படவில்லை. கோடு மாவட்டந்தோறும் வேறுபடும். கலைத்துறைப் பாடநெறிகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே திறமைப் பட்டியல். மருத்துவம், பொறியியல் முதலிய பெரும்பாலான பாடநெறிகளிலோ, நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 இடங்கள் கல்வி வசதி குறைந்தவையெனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. ஒரு பாடநெறிக்கு 1,000 இடங்கள் உண்டென வைத்துக்கொண்டால், மாவட்டங்களுக்குரியவை 550. நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு 3 பங்கினரைக் கொண்ட மாவட்டத்துக்கு அவற்றில் 16 அல்லது 17 இடங்கள் சேரும். பதினேழாம் பிள்ளை பெற்ற எண்ணே அம்மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி. அதனை ஆணைக்குழுவில் எவரும் முற்கூட்டியே நிர்ணயித்து வைப்பதில்லை. கடைசி நாற்காலியில் யார் அமர்ந்தாரோ, அவருடைய எண் கோடாகிவிடுகிறது. இதனாலேயே யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏமாற்றமளிக்கும் ஓர் எண், எல்லை கடந்தால் கிளிநொச்சி மாவட்டத்தில் அனுமதி அளிப்பதாயிருக்கலாம். கணக்கிற் கொள்ளப்படுவது பிறந்த மாவட்டம் அன்று, கல்வி கற்ற மாவட்டம் என்பதையும் பெற்றோர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியை மனனஞ் செய்து வைத்துக்கொண்டு அதனை ஒரு வாக்குறுதிபோற் கருதும் வழக்கம் நம் நாட்டிற் பரவலாக உண்டு. தனியார் கல்வி நிலையங்களும் அதனைச் சுவரில் எழுதிவைக்கின்றன. அது சென்ற ஆண்டு வெள்ளம் வீட்டுச் சுவரில் விட்டுப்போன அடையாளம் போன்றது. வெள்ளம் எதுவரை வரக்கூடும் என்று மதிப்பிட உதவும். இவ்வாண்டும் அங்கேயே நிற்கும் என்று உறுதி கூறாது. ஒரு பீடத்திற் சில இடங்கள் கூட்டப்படலாம். புதிய பாடநெறியொன்று தொடங்கப்பட்டு அதன்பாற் சிலர் சென்றுவிடலாம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தோற்றுவோர் ஓராண்டில் மிகுதியாகலாம். ஒவ்வொன்றும் கோட்டைச் சிறிது மேலேயோ கீழேயோ தள்ளும்.

கோட்டின் அருகில் நிற்பவர்களின் நிலைமை தனியே சிந்திக்கத் தக்கது. 1.9010 பெற்றவர் உள்ளே செல்கிறார், 1.9008 பெற்றவர் வெளியே நிற்கிறார் என்று ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டால், இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு பாடத்தில் ஒரு புள்ளிக்கும் மிகக் குறைந்தது. அதே மாணவர் அதே அறிவோடு வேறொரு நாளில் வேறொரு வினாத்தாளை எழுதியிருப்பாராயின், இதனினும் பெரிய ஏற்றத்தாழ்வு நேர்ந்திருக்கும். படித்த அலகிலிருந்து ஒரு வினா வந்ததா, விட்டுவிட்ட அலகிலிருந்து வந்ததா என்பது மட்டுமே போதும். எந்தப் பரீட்சையும் மனிதரை நான்காம் தசமதானத்திற்கு அளக்கவல்லதன்று. இடங்களைப் பங்கிட ஒரு கோடு வேண்டியிருத்தலால் அத்தசமதானம் பயன்படுத்தப்படுகிறது, அவ்வளவே. உள்ளே சென்றவர் கெட்டிக்காரர், வெளியே நின்றவர் மந்தமானவர் என்று அதிலிருந்து முடிவு கட்டுவோர், கோடு சொல்லாத ஒன்றைக் கோட்டின் வாயில் வைத்துப் பேசுகின்றனர்.

இவ்விடத்து ஒரு தடை எழக்கூடும். தமிழ் மக்களுக்கு 'வெட்டுப்புள்ளி' என்பது வெறுங் கணக்குச் சொல் அன்று. 1971 ஆம் ஆண்டு அனுமதியின்போது பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு, மொத்தம் 400 புள்ளிகளில், சிங்கள மொழிமூலம் தோற்றியவருக்கு 227 என்றும் தமிழ் மொழிமூலம் தோற்றியவருக்கு 250 என்றும் வெவ்வேறு கோடுகள் கீறப்பட்டன. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. ஒரு தலைமுறையின் உள்ளத்தில் அவை விட்ட வடு பின்வந்த அரசியலிலும் தெரிந்தது. ஆகவே, 'கோடு கணக்கின் விளைவு, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் கூறுவது போதாது. கோட்டின் ஒரு பக்கத்தில் நிற்க நேர்வது வேறு. கோடே வளைத்துக் கீறப்படுவது வேறு. முன்னதைத் தாங்கிக்கொள்ளப் பழகுதல் வேண்டும். பின்னதைக் கேள்விக்கு உட்படுத்துதல் வேண்டும்.

கேள்வி கேட்டுப் பயன் கண்ட சான்றும் உண்டு. 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒருங்கே தோற்றினர். இரு சாராரும் எழுதியவை வெவ்வேறு வினாத்தாள்கள். இருந்தும் 'இசட்' புள்ளியைக் கணிக்கையில் இரு கூட்டத்தினரும் ஒன்றாகவே கொள்ளப்பட்டனர். மாணவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2012 இல் நீதிமன்றம் அக்கணிப்பை ஏற்க மறுத்து, இரு சாராருக்கும் தனித்தனியே கணிக்கும்படி பணித்தது. தனி மாணவரைப் பொறுத்தவரையிலும் வழிகள் உள. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படும் பாடத்துக்கு, குறித்த காலத்துள் விடைத்தாள் மீளாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதியிற் பிழை நேர்ந்ததாகக் கருதுவோர் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பித்தபின் அதன் முடிவையே நம்பி ஏனைய அலுவல்களை நிறுத்திவைப்பது மட்டும் ஆகாது.

வீட்டிற்கு வருவோம். பெறுபேறு வந்த முதல் வாரத்தில் வீடு மரணவீடு போலாகிவிடுவது பல குடும்பங்களிற் காணக்கூடியது. தந்தையார் வெளியே செல்லக் கூசுகிறார். தாயார் கோயிலில் எவர் முகத்திலும் விழிக்காமல் திரும்புகிறார். எவரும் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை என்று பின்னர் சொல்லிக்கொள்வர். ஆனால் பிள்ளைக்கு அந்த மௌனமே தீர்ப்பாகிவிடுகிறது. "உன்னை நம்பித்தான் இவ்வளவு செலவழித்தோம்" என்று சொல்லுதல் எவ்வளவு தீங்கோ, அவ்வளவு தீங்கு "பரவாயில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லுதலும். துக்கம் உண்டென்பதை ஒப்புக்கொள்வதிற் பிழையில்லை. பதின்மூன்று ஆண்டு பள்ளி சென்று, இரண்டு ஆண்டு இரவு பகலாகப் படித்த பிள்ளைக்கு அழுவதற்கு உரிமையுண்டு. அழும் பிள்ளையிடம் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைக் கேட்டறிந்து வந்து சொல்லுதல் தவிர்க்கப்பட வேண்டியது. வாழ்த்துப் பதாகைகள் சந்திகளில் தொங்கும் அந்நாட்களில் பிள்ளையைச் சில தினங்களுக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் நல்லதே.

உண்ணாமலும் உறங்காமலும் பேச்சின்றியும் நாட்கள் நீளுமாயின், உயிரை வெறுத்த சொற்கள் வாயில் வருமாயின், அதனை நாடகமென்று தள்ளிவிடுதல் பேராபத்து. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிலும் உதவி பெறலாம். பிள்ளையைத் தனியே விடாதிருத்தல் வேண்டும்.

மீண்டும் தோற்றுவதா என்ற வினாவுக்கு அந்த முதல் வாரத்தில் விடை காணலாகாது. பல்கலைக்கழக அனுமதிக்காக மும்முறை தோற்ற இடமுண்டு. இவ்வசதி சிலருக்கு வரமாகவும் சிலருக்குச் சிறையாகவும் அமைகிறது. நோயினாலோ வீட்டு நிகழ்வினாலோ ஒரு பாடம் மட்டும் வீழ்ந்ததாயின், கோட்டுக்கு மிக அண்மையில் நின்றாராயின், மீண்டும் தோற்றுவதற்கு நியாயம் உண்டு. மூன்று பாடங்களும் சமமாகக் கோட்டுக்குக் கீழே கிடக்க, பாடத்தில் விருப்பமுமின்றி, தந்தையாரின் கனவுக்காகவே இன்னோர் ஆண்டு என்றால், அவ்வாண்டின் விலை மிக அதிகம். இவ்வினாவைத் தீர்ப்பதற்கு முன் பாட ஆசிரியர் ஒருவரிடம், பெற்றோர் உடனில்லாமல், பிள்ளை தனியே பேச வாய்ப்பளித்தல் நன்று. மீண்டும் தோற்ற முடிவு செய்தவரும் அவ்வாண்டு முழுவதையும் அதற்கே அடகு வைக்காமல், கணினியோ ஆங்கிலமோ கணக்கீடோ ஏதேனும் ஒன்றைச் சேர்த்துக் கற்பாராயின், கோடு மறுபடியும் விலகினாலும் கை வெறுங்கையாயிராது.

விண்ணப்பப் படிவத்திலும் கவனம் வேண்டும். ஆணைக்குழுவின் கைந்நூலைப் பெறுபேறு வந்தபின்னரே கையிலெடுப்பவர் பலர். பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொரு தெரிவையும் விருப்ப ஒழுங்கிலேயே எழுதுதல் வேண்டும். 'இது கிடைக்காது' என்று ஊகித்து விரும்பியதைக் கீழே தள்ளினால், கோடு எதிர்பாராது இறங்கும் ஆண்டில் அவ்விடம் கைநழுவும். மேலே எழுதியது கிடைக்கவில்லையென்றால் அடுத்த தெரிவு பார்க்கப்படும். மேலே எழுதியமையால் நட்டமில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை போன்ற சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையொன்றும் உண்டு. அதற்குத் தனியே விண்ணப்பிக்கத் தவறியதனாலேயே வாய்ப்பிழப்போரும் உளர். இது கோட்டின் குற்றமன்று.

அரச பல்கலைக்கழகத்தின் வாசல் ஒன்றே கல்வியின் வாசல் என்ற எண்ணம், பல்கலைக்கழகம் நாட்டில் ஒன்றே இருந்த காலத்தில் வேரூன்றியது. 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு நாவலையிற் தலைமையகமும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களில் நிலையங்களும் உள. உயர்தரத்திற் சித்தியடையாதவரும் அடிப்படைக் கற்கைநெறியை முடித்து அங்கு பட்டப்படிப்பிற் சேர வழியுண்டு. உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்கள் கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் முதலியவற்றில் உயர் தேசிய டிப்ளோமா வழங்குகின்றன. கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, பத்தனை ஆகிய இடங்களில் ஆசிரியத் தொழிலுக்கான தேசிய கல்வியியற் கல்லூரிகள் உண்டு. அங்கும் இடங்கள் அளவானவை, அங்கும் ஒரு கோடு உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. தேசிய தொழிற்றகைமை என்னும் படிவரிசையில் ஏறுவோர், இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகத்தில் ஏழாம் மட்டமாகிய பட்டத்தை எட்டலாம். பட்டயக் கணக்காளர் பரீட்சைகளோ எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதியையும் வேண்டி நிற்பதில்லை. கட்டணம் பெற்றுப் பட்டம் வழங்கும் தனியார் நிறுவனங்களை நாடுவோர், அப்பட்டத்தை வழங்கும் அதிகாரம் அந்நிறுவனத்துக்கு உண்டா என்பதைப் பணங் கட்டுமுன் ஆணைக்குழுவில் விசாரித்தறிதல் வேண்டும். அழகிய கட்டடமும் ஆங்கில விளம்பரமும் இதற்குச் சான்றாகா.

இன்னொன்று. வெட்டுப்புள்ளிகள் வெளியான அன்றே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தெரிவு செய்யப்பட்டோரிற் சிலர் வெளிநாடு செல்வர். சிலர் பதிவு செய்யாது விடுவர். அவ்வாறு வெறுமையாகும் இடங்கள் வரிசையில் அடுத்து நிற்போரைக் கொண்டு நிரப்பப்படும். வார இறுதியில் வீடு மாறியமையாலும், விண்ணப்பத்திற் கொடுத்த தொலைபேசி இலக்கம் கைவிடப்பட்டமையாலும் அவ்வறிவித்தல் உரியவரைச் சேராது போவதுண்டு. ஆதலின் விண்ணப்பித்த பிள்ளை வேறொரு கற்கைநெறியிற் சேர்ந்துவிட்டாலும், அந்த முகவரியையும் இலக்கத்தையும் மின்னஞ்சலையும் ஆண்டு முடியும்வரை இயங்கும் நிலையில் வைத்திருத்தல் வேண்டும்.